பாலிஷ் அறைக்கு எந்த மாஸ்க்? ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடி வீட்டில் படுக்கையறை அலமாரிகளுக்கு பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பாலிஷ் மாஸ்டர் நாற்பதைத் தாண்டியவர். கையால் தேய்த்து பிரெஞ்சு பாலிஷ் போட்ட காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறார். எமரி தேய்க்கவும் கலவை கலக்கவும் ஒரு பையன். சில மாதங்களாக மாஸ்டருக்கு இரவில் இருமல், நெஞ்சடைப்பு. தொழில் பாதுகாப்பு வேலையில் இருக்கும் என்னை, இன்டீரியர் கான்ட்ராக்டர் ஒரே ஒரு கேள்வியோடு கூப்பிட்டார்: "நல்ல மாஸ்க்கா ஒண்ணு சொல்லுங்க சார். வெலயப் பத்திக் கவலையில்ல, வாங்கிக் குடுத்துடறேன்."

இப்படிக் கேட்கும் கான்ட்ராக்டர்கள் குறைவு. பல தளங்களில் முகத்துக்கு ஒரு கைக்குட்டை, சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் அல்லது வாழைப்பழம், அவ்வளவுதான் பாதுகாப்பு. வெல்லம் தொண்டைக்கு இதமாக இருக்கலாம். ஆனால் அது இறங்குவது வயிற்றுக்கு. தின்னர் ஆவி போவது நுரையீரலுக்கும் அங்கிருந்து ரத்தத்துக்கும். அந்த ஆவியை வெல்லம் தடுக்காது.

மாஸ்டரும் வீட்டு உரிமையாளரும் அடையாளம் தெரிய வேண்டியதில்லை என்பதால் பெயர்களை விட்டிருக்கிறேன்.

களத்தில் கண்டது

அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி, உயரம் பத்தடி. ஜன்னல் சாத்தியிருந்தது. கதவிடுக்கில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. ஃபேனும் போடவில்லை. இது அலட்சியம் இல்லை, தொழிலின் தேவை. பி.யூ. காய்வதற்குள் தூசி உட்கார்ந்தால் தடவிப் பார்க்கும்போது மணல்மணலாக இருக்கும். மொத்தத்தையும் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்று பட்டால் கொப்புளம் வரும். பளபளப்புக்காகத்தான் அந்த அறை அடைத்துக் கிடந்தது.

மாஸ்டர் மூன்று மாஸ்க்குகளை எடுத்துக் காட்டினார். முதலாவது, மருந்துக்கடை நீலத்துணி மாஸ்க். இரண்டாவது, வால்வு வைத்த என்95. வெளிப்பக்கம் பாலிஷ் படிந்து தோல்போல் விறைத்திருந்தது. மூன்றாவது, பாரிமுனைக் கடைத்தெருவில் "கெமிக்கல் மாஸ்க்" என்று கேட்டு அவரே வாங்கிய அரைமுக ரப்பர் மாஸ்க், இரு பக்கமும் காற்றை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ். அது தின்னர் டின்னுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரவும் அங்கேதான் தொங்குமாம்.

"இது போட்டா நாத்தமே தெரியல சார். அதனால இதுதான் சரின்னு நெனச்சேன். ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல அதே இருமல் வருது. வேல செய்யறப்ப ஒண்ணும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது? இருமலே இல்லை. இந்த இரண்டு பதில்களும் சேர்ந்ததும், இது மாஸ்க் வாங்கிக் கொடுத்து முடிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றியது. வேலை நாளில் வந்து விடுமுறையில் போகிற மூச்சுக்கோளாறு, அதுவும் வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து வருவது, தொழில்வழி ஆஸ்துமாவின் தெளிவான அடையாளங்களில் ஒன்று.

டின்னில் இருந்தது

மாஸ்க்கை வைத்துவிட்டு டின்களைப் பார்த்தோம். அங்கே இருந்தவை: சீலர், பி.யூ. பேஸ், அதற்கான ஹார்டனர், பி.யூ. தின்னர். முந்தைய வேலையில் மிஞ்சிய மெலமைன் பாலிஷும் அதன் ஹார்டனரும் ஒரு மூலையில். ஒவ்வொன்றும் காற்றில் விடுவது வெவ்வேறு.

ஸ்ப்ரே கன்னிலிருந்து இரண்டு வகை வெளிவருகிறது. ஒன்று நுண்துளி, வெளிச்சத்தில் புகைபோலத் தெரியும். இன்னொன்று ஆவி, கண்ணுக்கே தெரியாது. என்95 துளியையும் எமரித் தூசியையும் பிடிக்கும். அதன் சோதனையே 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கிறதா என்பதுதான். தின்னரிலுள்ள டொலுயீன், சைலீன் போன்ற கரைப்பான்களின் ஆவி தனித்தனி மூலக்கூறுகளாக வருவதால் அந்த இழைகளின் இடையே தடையில்லாமல் போய்விடும். இந்தியத் தரமான ஐ.எஸ். 9473 முத்திரை உள்ள மாஸ்க்கும் துகளுக்கானதுதான். கரி அடுக்கு வைத்தது என்று கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கும் என்95-உம் லேசான நாற்றத்தைக் குறைக்கவே உதவும். ஸ்ப்ரே அறைக்கு அந்த மெல்லிய அடுக்கு போதாது.

ஆவியைப் பிடிக்க கார்ட்ரிட்ஜ் வேண்டும். அதற்குள் இருப்பது கிளர்வூட்டிய கரி. பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்வது. நம் கொங்குப் பகுதியிலும் இலங்கையிலும் தயாராகி உலகம் முழுக்கப் போகிறது. அதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு வரும். ஆவி அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எல்லா ஆவியும் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை. கொதிநிலை கூடியவை, அதாவது டொலுயீன், சைலீன், பியூட்டைல் அசிட்டேட் போன்றவை, நன்றாக நிற்கும். மெத்தனால், அசிட்டோன் போலக் கொதிநிலை குறைந்தவை சீக்கிரம் நழுவிவிடும். இதனால்தான் ஐரோப்பிய முறையில் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிப்பவற்றுக்குப் பழுப்புப் பட்டை போட்ட ஏ வகையும், அதற்குக் கீழே கொதிப்பவற்றுக்கு ஏஎக்ஸ் என்ற தனி வகையும் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க முறையில் கரிம ஆவிக்குக் கருப்புப் பட்டை. அதோடு பி100 என்ற உயர்தரத் துகள் வடிகட்டியும் சேர்ந்திருந்தால் மெஜந்தா நிறப் பட்டையும் இருக்கும். கடையில் "கெமிக்கல் மாஸ்க்" என்று மட்டும் கேட்டால் அமோனியாவுக்கான பச்சைப் பட்டையைக் கூட எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மாஸ்டரிடம் இருந்தது கரிம ஆவிக்கானதுதான். ஆனால் முன்னால் துகள் வடிகட்டி இல்லை. கரிக்குத் துளி பிடிக்கும் வேலை இல்லை. நுண்துளிகள் கரிக்குருணைகளின் இடைவெளி வழியாக நேராக உள்ளே போயிருக்கின்றன.

அந்தத் துளியில்தான் ஹார்டனர் இருந்தது. இரண்டு டின் பி.யூ.வின் ஹார்டனர் என்பது ஐசோசயனேட். வாகனப் பெயிண்டிலும் மர பாலிஷிலும் பெரும்பாலும் ஹெச்.டி.ஐ. அல்லது டி.டி.ஐ. என்ற ஐசோசயனேட்களின் வழிவந்தவை. பேஸிலுள்ள பிசினோடு சேர்ந்து கெட்டியாவதுதான் அதன் குணம். நுரையீரலுக்குள் போனால் நம் புரதங்களோடும் அது சேரும். சிலரின் உடல் அதை எதிரியாகப் பழகிக்கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே மூச்சுக்குழல் சுருங்கும். வாகனங்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்ற உழைப்பாளிகளைவிட ஏறக்குறைய 80 மடங்கு என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு சொல்லிவந்திருக்கிறது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் டி.டி.ஐ.க்கு வைத்த வரம்பு 0.005 பிபிஎம் (பிபிஎம் என்பது காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு), டொலுயீனுக்கு வைத்தது 100 பிபிஎம். இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். அந்த 0.005 அளவில் அதற்கு நாற்றமும் கிடையாது. "நாத்தம் தெரியல, அதனால சரி" என்ற மாஸ்டரின் அளவுகோல் தின்னருக்கு ஓரளவு பொருந்தும். அவரை நோயாளி ஆக்கிய பொருளுக்குப் பொருந்தாது.

மூலையில் கிடந்த மெலமைனுக்கும் ஒரு வார்த்தை. அது அமில ஹார்டனரால் காய்வது. காயும்போது ஃபார்மால்டிஹைடு வெளிவிடும். சாதாரணக் கரிம ஆவி கார்ட்ரிட்ஜ் அதற்குச் சரிப்படாது. ஃபார்மால்டிஹைடுக்கும் ஏற்றது என்று அட்டையில் எழுதியிருக்கும் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய பெயிண்டை உரிக்கும் ரிமூவரில் மெத்திலீன் குளோரைடு இருந்தால் இன்னும் மோசம். அது 40 டிகிரியிலேயே கொதிப்பது. கரியில் சற்று நேரம்கூட நிற்காது. அமெரிக்காவில் குளியலறைத் தொட்டிகளின் பழைய பூச்சை அந்த ரிமூவரால் உரித்த தொழிலாளிகள் சிறிய குளியலறைக்குள்ளேயே மயங்கி இறந்திருக்கிறார்கள். அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் காற்றுக்குழாய் மாஸ்க்தான். அல்லது அந்த ரிமூவரே வேண்டாம் என்று முடிவெடுப்பது.

அறையின் கணக்கு

கான்ட்ராக்டர் இன்னும் மாஸ்க்கிலேயே நின்றார். "அப்ப முன்னாடி ஃபில்டர் வச்ச கார்ட்ரிட்ஜ் வாங்கிட்டாப் போதும்ல சார்?" என்றார். அவருக்கு ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதை இங்கே முழுதாகத் தருகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் முடிவை மாற்றியது அதுதான்.

அறையின் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். ஒரு கோட்டுக்கு ஒரு லிட்டர் கலவை அடித்தால் அதில் குறைந்தது அரை லிட்டர் கரைப்பான். கணக்கு எளிதாக இருக்க அத்தனையும் டொலுயீன் என்று வைத்துக்கொள்வோம். அரை லிட்டர் டொலுயீனின் எடை சுமார் 433 கிராம். 34 கன மீட்டரில் அது பரவினால் ஒரு கன மீட்டருக்கு 12,700 மில்லிகிராம். பிபிஎம் கணக்கில் 3,300-க்கு மேல்.

அரைமுக மாஸ்க் சரியாகப் பொருந்தியிருந்தால் உள்ளே வரும் அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் என்று மட்டுமே கணக்கில் எடுக்கலாம். 100 பிபிஎம் வரம்புக்கு அது வெளிக்காற்றில் 1,000 பிபிஎம் வரை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 500 பிபிஎம் டொலுயீனையே உயிருக்கு உடனடி ஆபத்தான அளவு என்கிறது. அதற்கு மேல் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை நம்பி உள்ளே போகக் கூடாது. நம் அறையில் அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் இருக்கிறது. முழுக்கரைப்பானும் ஒரே நேரத்தில் ஆவியாகாது, இடுக்குகளில் கொஞ்சம் வெளியேறும், இதையெல்லாம் கழித்தாலும் வரம்புக்குள் வராது.

இன்னொன்றும் கணக்கில் தெரிந்தது. டொலுயீன் ஆவி காற்றில் 1.1 சதவீதம் சேர்ந்தால் தீப்பொறிக்குக் காத்திருக்கும் வெடிகலவை. 3,300 பிபிஎம் என்பது அதில் 30 சதவீதம். அது அறையின் சராசரிதான். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனமானது என்பதால் தரையோரத்திலும் கன் நுனிக்கருகிலும் மிக அதிகமாக இருக்கும். அங்கே ஹாலோஜன் விளக்கு ஒன்று தரையில் வைத்து எரிந்துகொண்டிருந்தது. அதைக் காட்டியதும் மாஸ்டரே போய் அணைத்தார். எவ்வளவு விலையுயர்ந்த மாஸ்க்கும் தீக்கு எதிராக எதுவும் செய்யாது.

சரியான கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கால் இந்த அறையில் வரும் தனி ஆபத்து ஒன்றும் உண்டு. நாற்றம் நின்றுவிடுவதால் முன்பு பத்து நிமிடத்தில் தலைசுற்றி வெளியே வந்த மனிதர் இப்போது முழுக் கோட்டும் முடியும்வரை உள்ளேயே நிற்பார்.

காற்றை ஓட்டி சமாளிக்கலாமா என்றும் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் ஆவியாகும் அந்த 433 கிராமை 100 பிபிஎமுக்குள் வைக்க ஏறத்தாழ 1,150 கன மீட்டர் புதுக்காற்று வேண்டும். மணிக்கு முப்பத்துநான்கு தடவை அறைக்காற்று முழுதும் மாற வேண்டும். பாலிஷில் தூசி விழக்கூடாது என்று ஜன்னல் சாத்திய இடத்தில் இது நடக்காது. சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னலில் மாட்டினால் அதன் மோட்டார் ஆவியின் நடுவே சுழலும், அதுவே தீப்பொறி. வீட்டுக்குள் ஏதாவது அடித்தே ஆக வேண்டுமென்றால் சுத்தமான பக்கத்தில் ஃபேனை வைத்து உள்ளே காற்றைத் தள்ளி, எதிர் ஜன்னல் வழியே ஆவி வெளியேற விடுவது மேல். மோட்டார் நல்ல காற்றிலேயே இருக்கும்.

மாஸ்க்கும் முகமும்

வேலை எங்கே நடந்தாலும் அரைமுக மாஸ்க்குக்கு இடம் உண்டு: பிரஷ் வேலை, கலவை கலப்பது, காற்றோட்டமுள்ள இடத்தில் சீலரும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பாலிஷும் அடிப்பது. எனவே அதை எப்படிப் போடுவது என்பதில் நேரம் செலவிட்டோம்.

மாஸ்டருக்குத் தாடி இல்லை, நாலைந்து நாள் முள்தாடி உண்டு. ரப்பரின் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே முடி நின்றால் அந்த இடுக்கு வழியே காற்று வந்துவிடும். மூச்சிழுக்கும்போது எதிர்ப்பு குறைந்த வழியைத்தான் காற்று தேடும். இரண்டு உள்ளங்கைகளாலும் கார்ட்ரிட்ஜ்களை மூடிக்கொண்டு மெதுவாக மூச்சிழுக்கச் சொன்னேன். மாஸ்க் முகத்தோடு ஒட்டி உள்வாங்கி, பத்து விநாடி அப்படியே நிற்க வேண்டும். அவருக்கு இரண்டாவது விநாடியே தளர்ந்தது. மூக்கின் இடப்பக்கத்தில் விரலை வைத்து "இங்க குளுகுளுன்னு வருது" என்றார். பையனுக்கு அதே மாஸ்க் கன்னத்தில் நிற்கவே இல்லை. அவன் முகம் சிறியது. ஒரே அளவை எல்லாருக்கும் வாங்குவது வழக்கம். அரைமுக மாஸ்க் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவில் வருகிறது. மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வாங்கிய பிறகு ஐசோஅமைல் அசிட்டேட் வைத்துப் பொருத்தம் பார்த்தோம். வாழைப்பழ எசன்ஸ் வாசனையுள்ள திரவம் அது. மாஸ்க் இல்லாமல் ஒருமுறை முகரவைத்துவிட்டு, மாஸ்க்கோடு தலையை ஆட்டி, குனிந்து, உரக்கப் பேசச் சொல்ல வேண்டும். வாசனை வந்தால் மாஸ்க் பொருந்தவில்லை. சவரம் செய்துகொண்டு வந்த மாஸ்டர் நடுத்தர அளவில் தேறினார். பையனுக்குச் சிறிய அளவு.

ஆணியில் தொங்கிய கார்ட்ரிட்ஜ் விஷயத்தை இருவருமே எதிர்பார்க்கவில்லை. கரிக்கு வேலை நேரம், ஓய்வு நேரம் என்று கிடையாது. திறந்து வைத்தால் இரவெல்லாம் தின்னர் டின்னருகே இருக்கும் ஆவியையும் காற்றின் ஈரத்தையும் வாங்கிக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே ஒட்டிய லேசான ஆவிகள் மெல்ல உள்நோக்கி நகர்ந்து, காலையில் முதல் மூச்சிலேயே வெளிவரவும் கூடும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில், தின்னர் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது? நாற்றம் வந்தால் மாற்றலாம் என்பதை அமெரிக்க விதிகள் 1998லேயே கைவிட்டன. மூக்கு பழகிப்போகும், ஆளுக்கு ஆள் மாறும். அங்கே புழங்கும் தோராயக் கணக்கு இது: கொதிநிலை 70 டிகிரிக்கு மேல், செறிவு 200 பிபிஎமுக்குக் கீழ் என்றால் சாதாரண உழைப்பில் எட்டு மணி நேரம் எதிர்பார்க்கலாம், ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அதில் பாதி. சென்னை மழைக்காலத்தில் அந்தப் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கார்ட்ரிட்ஜைத் திறந்த தேதியையும், போட்டிருந்த நேரத்தையும் மார்க்கரால் அதன் மேலேயே எழுதச் சொன்னேன். மொத்தம் நான்கு மணி நேரம் ஆனால் குப்பைக்கு. முன்னால் இருக்கும் துகள் வடிகட்டியில் துளி அடைத்து மூச்சிழுக்கக் கனமானால் அதை மட்டும் முன்கூட்டியே மாற்றலாம்.

என்ன மாறியது

மாஸ்டரை முதலில் நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினோம். டின்களின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கையில் கொடுத்தனுப்பியது உதவியது. ஹார்டனரில் என்ன இருக்கிறது என்று தெரியாத மருத்துவருக்கு அது சாதாரண ஆஸ்துமாவாகவே தெரியும். ஊதும் மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரைக் கொடுத்து, தினம் நான்கு முறை, வேலை நாளிலும் விடுமுறையிலும் ஊதி எழுதிவரச் சொன்னார்கள். வேலை நாட்களின் இரவுகளில் அளவு இறங்கியது. ஐசோசயனேட் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். இந்த நிலைக்கு வந்தவருக்கு எந்த மாஸ்க்கும் பதில் இல்லை. அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்ப என் கைத்தொழில்?" கான்ட்ராக்டர் அவரை பிரெஞ்சு பாலிஷ், நிறம் சேர்க்கும் வேலை, முடித்த வேலையைச் சரிபார்ப்பது என்று மாற்றினார். கன் பிடிப்பவருக்குக் கிடைக்கும் கூலி அதில் இல்லை. முன்பு வாங்கியதையே தர அவர் ஒப்புக்கொண்டது நல்ல மனசு. ஆனால் இது தனியொருவரின் நல்ல மனசில் நிற்க வேண்டிய விஷயம் இல்லை.

வேலை முறையும் மாறியது. கதவுகளையும் இழுப்பறை முகப்புகளையும் கழற்றி ஒரு ஷெட்டுக்குக் கொண்டுபோய் அடிக்கிறார்கள். காற்று ஒரு பக்கம் வடிகட்டி வழியே நுழைந்து மறுபக்கம் தீப்பொறி தராத மோட்டார் வைத்த ஃபேன் வழியே வெளியேறுகிறது. பாலிஷும் முன்பைவிடச் சுத்தமாக வருகிறது. வீட்டில் நிற்கும் சட்டங்களுக்கு ஹார்டனர் சேர்க்காத தண்ணீர் பாலிஷ், பிரஷ்ஷால். தண்ணீர் பாலிஷ் என்றாலே ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது; சிலவற்றுக்கும் ஐசோசயனேட் ஹார்டனர் உண்டு.

ஷெட்டில் பி.யூ. அடிப்பவருக்கு, தலையை மூடும், காற்றுக்குழாய் வைத்த ஹூட். கன்னுக்கு ஓடும் கம்ப்ரசரிலிருந்தே குழாய் இழுத்துவிடலாம் என்று கான்ட்ராக்டர் சொன்னார், அதை ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் போட்ட கம்ப்ரசர் சூடேறினால் எண்ணெய்த் துளியோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதை எடுக்கத் தனி வடிகட்டித் தொகுதியும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். மூச்சுக்கென்றே உள்ள எண்ணெயில்லாக் காற்றுப் பம்ப் ஒன்றை வாங்கி, ஷெட்டுக்கு வெளியே, லாரி புகை வராத பக்கத்தில் வைத்தார்கள். கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை விட இதற்குச் செலவு பல மடங்கு. அடுத்த வேலைக்கான கொட்டேஷனில் அதைத் தனி வரியாகவே போட்டார். வாடிக்கையாளர் ஒருவர் அது எதற்கு என்று கேட்டபோது மாஸ்டரையே பேச விட்டார்.

இப்போது கன் பிடிப்பது அந்தப் பையன். தொடங்குவதற்கு முன் அவனுக்கு நுரையீரல் திறன் சோதனை எடுத்து வைத்தோம். முதல் சில மாதங்களில் மறுபடி ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். அவனிடம் இன்னும் திருத்திக்கொண்டிருப்பது ஒரு பழக்கத்தைத்தான்: கோட் முடிந்ததும் ஹூட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பளபளப்பைப் பார்ப்பது. கன்னை நிறுத்திய பிறகும் கண்ணுக்குத் தெரியாத துளி ஷெட்டில் மிதந்துகொண்டே இருக்கும். புகைபோடும் கருவி ஒன்றை வைத்து அந்த ஷெட் முழுதும் தெளிய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து, அந்த நிமிடக் கணக்கைக் கதவில் எழுதியிருக்கிறோம். அதுவரை குழாயோடு நிற்க வேண்டும், அல்லது குழாயோடே வெளியே வந்து கழற்ற வேண்டும்.